இமயச் சாரலில் மறைந்த வான்வீரர்

போர்மேற் சென்றவனைப் பற்றி நம் பண்டை இலக்கியம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் வைத்துப் பேசும். அவன் வருவான் என்று மனையில் ஒருத்தி ஆற்றியிருப்பாள். கார் தொடங்கிவிடும்; முல்லை அரும்பிவிடும்; தேர்மணி கேட்கிறதா என்று அவள் செவி வாயிலிலேயே கிடக்கும். இஃது ஒரு நிலை. களத்தில் அவன் பட்டான் என்ற செய்தி வருதல் மற்றொரு நிலை. ஊரார் கல்லைத் தேடிக் கண்டு, கொணர்ந்து, நீர்ப்படுத்தி, பெயரும் பீடும் எழுதி, நட்டு, பீலி சூட்டி வழிபடுவர். முன்னது அகம், பின்னது புறம். ஆனால் அவன் வரவுமில்லை, பட்டான் என்று சொல்ல வருவாருமில்லை, எடுத்து அடக்கம் செய்ய உடலுமில்லை என்றால் அவ்வீட்டார் எந்தத் திணைக்கு உரியவர்? முல்லைக்கும் நடுகல்லுக்கும் நடுவே நிற்கும் அந்நிலைக்குப் பழம்புலவர் தனித்துறை வகுக்கவில்லை. வாளும் வேலும் கொண்டு நேருக்குநேர் நின்று பொருத காலத்தில் அதற்கு அத்துணைத் தேவை இருந்திராது.

தேவையை உண்டாக்கியது இருபதாம் நூற்றாண்டின் வானப்போர். இரவில் மேலெழும் விமானம் விடியலில் திரும்பாது. கடலில் வீழ்ந்ததோ, காட்டில் வீழ்ந்ததோ, வானிலேயே சிதறிற்றோ, கண்டவர் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்பிரிவு மட்டும் இழந்த வீரர்கள் 55,000க்கு மேற்பட்டோர். இங்கிலாந்தில் ரன்னிமீடு என்னுமிடத்தில், தேம்ஸ் ஆற்றை நோக்கிய குன்றின்மேல் 1953ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவு மண்டபத்தில், கல்லறை அறியப்படாத வானவீரர் 20,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அமெரிக்கர் கணக்கு இன்னும் பெரிது. தரைப்படை, கடற்படை, வான்படை யாவும் சேர்த்து அப்போரில் சென்று இன்றளவும் இன்னார் இங்கு வீழ்ந்தார் என்று முடிவு காணப்படாத அமெரிக்க வீரர்கள் 70,000க்கு மேற்பட்டோர். இவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் அமைந்த தொடரை நாம் ‘போரில் காணாமற்போனவர்’ என்கிறோம். ‘இறந்தார்’ என்னாது ‘காணாமற்போனார்’ என்னும்போது அச்சொல் ஒரு கதவைத் திறந்தே வைத்துவிடுகிறது. அக்கதவின் அருகே அமர்ந்தே தாய்மார் பலர் மூப்பெய்தி மறைந்தனர்.

இத்தொகையினருள் ஒருவரைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றோம். அவர் நம் இனத்தவருமல்லர், நம் நாட்டவருமல்லர். எனினும் அவர் எலும்புகள் நம் நாட்டு மலையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தன; அவை விடைபெற்றுச் சென்றதும் நாம் வாழும் இத்தலைநகரின் வழியே.

ராபர்ட் யூஜீன் ஆக்ஸ்ஃபோர்டு என்பது அவர் பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரினர். அகவை 24. அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவில் லெப்டினன்ட் பதவியில், பி-24 லிபரேட்டர் வகைக் குண்டுவீச்சு விமானத்தில், இலக்கு நோக்கிக் குண்டெறியும் அதிகாரியாகப் பணியாற்றினார். அவரைச் சேர்த்து எண்மர் சென்ற அவ்விமானத்துக்கு அவர்களே இட்டு வழங்கிய பெயர் ‘ஹாட் ஆஸ் ஹெல்’. ‘நரகம்போல் கொதிப்பது’ என்று பொருள்படும். பனிமலையில் போய் உறைந்த விமானத்துக்கு இப்படியொரு பெயர்!

குண்டுவீச்சு விமானம் நம் அஸ்ஸாமிய எல்லைக்கு வரவேண்டிய காரணம் யாது என்று வாசகர் வினவலாம். 1942 ஏப்ரல் இறுதியில் பர்மாவின் லாஷியோ நகரம் ஜப்பானியர் கைப்பட்டது. அதனோடு சீனாவுக்குப் பொருள் செல்லும் பர்மாச் சாலை அடைபட்டது. சீனாவைப் போரில் நிலைநிறுத்த வேண்டுமாயின் எரிபொருள், வெடிமருந்து, இயந்திர உறுப்பு, மருந்து எல்லாவற்றையும் வான்வழியே கொண்டுசெல்வதன்றி வேறு வழியில்லை. பிரம்மபுத்திரா சமவெளியில், தேயிலைத் தோட்டங்களினிடையே ஓடுதளங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று சாபுவா. தேயிலை நட்ட இடம் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள் என்பர். அங்கிருந்து சீனாவின் குன்மிங் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர். தொலைவு பெரிதன்று, இடையில் நிற்கும் மலைகளே பெரியன. அம்மலைத்தொடரை விமானிகள் ‘ஹம்ப்’ என்றனர். நம் மொழியில் ‘திமில்’ எனலாம்.

அத்திமிலைக் கடந்தோர் பட்ட பாடு தனி நூலாக விரியத்தக்கது. மேகத்துள் புகுந்தால் முன்னே முகடு உண்டா இல்லையா என்று அறியக் கருவியில்லை. சிறகில் பனி படிந்து விமானத்தைக் கீழே இழுக்கும். திடீரென எழும் சுழற்காற்று ஆயிரக்கணக்கான அடி உயரம் தூக்கும். அவ்வாறே கீழே எறியும். வழிகாட்டும் வானொலி நிலையங்கள் சில. அவற்றின் ஒலியும் புயலில் கேளாது. வட பர்மாவின் மியிட்சினா ஜப்பானியரிடம் இருந்தவரை அங்கிருந்து போர்விமானங்கள் எழுந்து வந்து தாக்கும். அவற்றுக்கு அஞ்சி வடக்கே விலகினால் மலைகள் இன்னும் உயரம். 1942 முதல் 1945 வரை இவ்வழியே சென்ற சரக்கு ஏறத்தாழ 6,50,000 டன். இழந்த விமானங்கள் ஏறத்தாழ 600. இறந்தும் மறைந்தும் போனவர்கள் 1,600க்கு மேற்பட்டோர். விழுந்த விமானங்களின் உலோகம் வெயிலில் மின்னி வழிகாட்டிற்று என்று சொல்லி, இவ்வழிக்கு ‘அலுமினியத் தடம்’ என்றும் பெயரிட்டனர். அஞ்சாதவர் போலக் காட்டிக்கொள்ள அஞ்சுபவர் செய்யும் நகை இது என்று நாம் கொள்கின்றோம்.

ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்திருந்த 308ஆம் குண்டுவீச்சுக் குழுவுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. சீனாவில் நிலைகொண்டு ஜப்பானியரின் கப்பல்களையும் துறைகளையும் தாக்குவது அதன் பணி. அதற்கு வேண்டிய பெட்ரோலையும் குண்டையும் பிறர் கொண்டுவந்து தருவார் என்று காத்திருக்க முடியாது. தாமே இந்தியாவுக்குப் பறந்துவந்து ஏற்றிச் செல்லவேண்டும். ஒருமுறை பகைவர்மேல் சென்று வர, ஏறத்தாழ மும்முறை திமிலைக் கடக்கவேண்டியிருந்தது என்பர். ஊர்க்கிணற்றில் நீர் வற்றியபோது, ஒருவேளைச் சமையலுக்கு மூன்று நடை ஆற்றுக்குச் சென்றுவரும் குடும்பத்தைப்போல அவர்கள் போர் புரிந்தனர்.

1944 ஜனவரி 25 அன்றும் அத்தகைய நடைதான். குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்கு வழக்கமான சரக்குப் பயணம். அன்று மலைமீது மேகம் அடர்ந்து கிடந்தது. கண்ணுக்கு வழி புலப்படவில்லை. அக்குழு அன்று இழந்தது ஒரு விமானத்தை மட்டுமன்று. ‘ஹாட் ஆஸ் ஹெல்’ சாபுவாவில் இறங்கவில்லை. தேடியவர்கள் கண்டதும் ஒன்றுமில்லை. குண்டெறியும் தொழில் கற்றவர், எறியக் குண்டு ஏதுமின்றி, பகைவனையும் காணாமல், பொருளேற்றி வரச் சென்ற வழியில் மறைந்தார். களத்தில் மார்பிற் புண்பட்டு வீழ்வதைச் சிறப்பென்று பாடிய புலவர்கள் இத்தகைய சாவை எப்படிப் பாடியிருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் படையென்பது வாள் வீசுவோர் மட்டுமன்று. சோறும் நீரும் சுமப்போரும் படையே. சுமக்கும் வழியில் வீழ்ந்தவனுக்குக் கல் சிறியதாக இருக்கவேண்டுவதில்லை.

இனி, நம்மை மிகவும் ஈர்த்த பகுதிக்கு வருகின்றோம். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்றார்க்கு இப்பகுதியில் ஒரு தனி உரிமையுண்டு.

1943ஆம் ஆண்டு அமெரிக்க வான்படையில் ஒரு புதிய படிவம் நடைமுறைக்கு வந்தது. விமானம் ஒன்று திரும்பவில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் அதை நிரப்பி அனுப்பவேண்டும். புறப்பட்ட இடம், சேரவேண்டிய இடம், அன்றைய வானிலை, கடைசியாகக் கண்டவர் யார் என்பன அதில் இருக்கும். சென்றவர் ஒவ்வொருவரின் பெயர், பதவி எண், அவருடைய நெருங்கிய உறவினர் முகவரி ஆகியன இருக்கும். இவற்றோடு நிற்கவில்லை. விமானத்தின் தொடரெண், இயந்திரங்கள் ஒவ்வொன்றின் எண், பொருத்தியிருந்த துப்பாக்கிகள் ஒவ்வொன்றின் எண் ஆகியவற்றையும் எழுதவேண்டும். இவை எதற்கு என்று அன்று தட்டச்சு செய்த எழுத்தர் சலித்துக்கொண்டிருக்கக்கூடும். எட்டுப் பேர் போய்விட்டனர். துப்பாக்கியின் எண்ணையா கேட்கிறார்கள் என்று மனம் கசந்திருக்கவும் கூடும். இருப்பினும் எண்கள் எழுதப்பட்டன. லிபரேட்டர்கள் 18,000க்கு மேல் செய்யப்பட்டவை. ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும். அவற்றுள் இது இன்னது என்று பிரித்தறிய எண்ணன்றி வேறு முகம் ஏது? 42-73308 என்பது ஆக்ஸ்ஃபோர்டு ஏறிச் சென்ற விமானத்தின் எண்.

சட்டமும் ஒன்று இருந்தது. 1942 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய காணாமற்போனோர் சட்டத்தின்படி, ஒருவர் காணாமற்போனார் என்று குறிக்கப்பட்டவுடன் அவருடைய சம்பளம் நிற்காது. அவரைச் சார்ந்தோருக்குச் சென்றுகொண்டிருக்கும். பன்னிரண்டு மாதம் கழிந்தபின் செய்திகளை மீண்டும் ஆராய்ந்து, இறந்ததாகக் கொள்ளலாமா என்று முடிவெடுப்பர். நம் நாட்டிலோ, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும், 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் ஏழாண்டுக் காலம் குறிக்கின்றன. ஓராண்டாயினும் ஏழாண்டாயினும் கோப்பை மூடுவதற்குத்தான் அக்கணக்கு உதவும். இறந்ததாகக் கொள்வது வேறு. இறந்தார் என்று அறிவது வேறு. போர் முடிந்தபின் அமெரிக்கரின் கல்லறைப் பதிவுப் படையினர் இந்தியாவிலும் பர்மாவிலும் அலைந்து தேடினர்; அடைய முடிந்த இடங்களில் கிடந்தோரைக் கொணர்ந்தனர். மலையின் உட்பகுதியில் கிடந்தோர் அங்கேயே கிடந்தனர். கான்கார்டில் மகனுக்காகக் காத்திருந்த பெற்றோரும் காலப்போக்கில் மறைந்தனர்.

காத்திருப்பு அடுத்த தலைமுறைக்குச் சென்றது. அவரை நேரிற் கண்டிராதோரும் அவரைத் தேடினர். இதை நாம் சிறிது நின்று கருதவேண்டும். சொத்தையும் வழக்கையும் மரபுரிமையாகப் பெறுதல் உலகியல்பு. காத்திருத்தலையும் மரபுரிமையாகப் பெறுவோர் உளர் என்பதை இத்தகைய குடும்பங்கள் காட்டுகின்றன.

2006ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்பார் அருணாசலப் பிரதேசத்தின் மேல் சியாங் மாவட்டத்துக்கு வந்தார். அவர் படைவீரருமல்லர்; அரசு அனுப்பியவருமல்லர். மலையேற்றத்தில் பழகியவர், திமில் வழியில் விழுந்த விமானங்களைத் தம் சொந்த முயற்சியால் தேடுவதையே வேலையாக மேற்கொண்டவர். அவருடைய முறை மிக எளிது. நிலப்படத்தை நம்பியதைவிட மலைவாழ் மக்களின் நினைவை மிகுதியாக நம்பினார். வேட்டைக்குச் சென்று வருவோர் எந்தக் காட்டில் எந்தப் பள்ளத்தில் என்ன கிடக்கிறது என்று அறிவர். தம்ரோ என்னும் ஊர் ஆதி இனமக்கள் வாழும் ஊர். அதற்கு அப்பால், நடந்தே சேரவேண்டிய செங்குத்தான மலைப்பள்ளம் ஒன்றில் அவர் அவ்விமானத்தின் சிதைவைக் கண்டார். எண்ணைக் கொண்டு இன்ன விமானம் என்பது தெளிந்தது. 62 ஆண்டுகளுக்கு முன் நிரப்பிய படிவமும் மலைப்பள்ளத்துத் தகடும் ஒன்றையொன்று இனங்கண்டன.

தம்ரோ சாபுவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவர்க்கு நெஞ்சு கனக்கும். அவர்கள் திமிலின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டனர். இறங்கவேண்டிய சமவெளி பக்கத்திலேயே இருந்தது. மேகத்தினூடே அதைக் காணாது வடக்கே மலைக்குள் புகுந்துவிட்டனர்.

அதே 2006ஆம் ஆண்டில்தான் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தனர். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட அக்கற்களுள் ஒன்று, கூடலூரில் நிரை கவர்ந்த பூசலில் பட்ட அந்தவன் என்பானுடையது. அரசனல்லாத அந்தவனைப் புலவர் எவரும் பாடி நாம் அறியோம். யாரோ ஒருவர் ஊரையும் பேரையும் காரணத்தையும் சில சொற்களில் வெட்டிவைத்தமையால் அவனை நாம் அறிகின்றோம். கல்லில் வெட்டியவரும் படிவத்தில் எண்ணைத் தட்டியவரும் தம்முள் உறவினர் என்றே நமக்குத் தோன்றுகிறது. தமிழன்பர் இவ்விடைப்பிறவரலைப் பொறுத்தருள்வாராக.

கண்டது 2006, மீட்டது எப்போது? இவ்விடத்தில் வரலாறு மகிழ்ச்சி தருவதாக இல்லை. அமெரிக்க அரசின் மீட்புக் குழுவினர் 2008-09 காலத்தில் வந்து பார்த்தனர். பின்னர்ப் பல ஆண்டுகள் பணி நடைபெறவில்லை. அருணாசலம் சீனா உரிமை கொண்டாடும் எல்லைப்புறம். அயல்நாட்டுப் படையினர் அங்குச் செல்வதில் நம் அரசு தயங்கியதற்குக் காரணம் இல்லாமலில்லை. மலையின் பருவமும் இடந்தராது. மழை ஓய்ந்து பனி இறுகுமுன் கிடைக்கும் சில வாரங்களே தோண்டுவதற்கு உரியவை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. அரசுப் பணியில் இருப்போர் ‘நிலுவை’ என்று ஒரு சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். நிலுவையில் கிடப்பது தாளாக இருக்கும்வரை அது பிறரை வருத்துவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்பதும் தொண்ணூறும் கடந்த உடன்பிறப்பினர்க்கு ஆறாண்டு என்பது ஆறாண்டன்று. இடம் தெரிந்தபின்னும் காத்திருத்தல், இடம் தெரியாமற் காத்திருத்தலினும் கொடிது. எல்லைச் சிக்கல் நாடுகளுக்கு உரியது. எலும்பு வீட்டாருக்கு உரியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயன்றிருக்கும் என்பதே நம் கருத்து.

பிரித்துப் பார்க்கும் நாளும் வந்தது. 2015 செப்டம்பர் முதல் நவம்பர் வரை மீட்புக் குழுவினர் அப்பள்ளத்தில் தங்கி முதன்முறையாக அகழ்ந்தனர். மண்ணைச் சலித்து, எலும்புத் துண்டுகளைப் பிரித்தெடுத்தனர். 2016 ஏப்ரலில், இருநாட்டுப் பாதுகாப்பு அமைச்சர்களும் டெல்லியில் இருந்த நாள்களில், எச்சங்கள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டன. கொடி போர்த்திய பேழைகளைப் படைவீரர் சுமந்து சென்று அமெரிக்க விமானத்தில் ஏற்றினர்.

டெல்லிவாழ் தமிழரிற் பலர் பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றிருப்பர். அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்ட பெரிய விமானங்களுள் ஒரு லிபரேட்டரும் உண்டு. நான்கு இயந்திரம், 110 அடிச் சிறகு, இரட்டை வால். போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றைச் செப்பனிட்டு, 1948ஆம் ஆண்டில் நம் விமானப்படை தன் ஐந்தாம் பிரிவை அமைத்தது. 1968 வரை அவ்வகை விமானங்கள் நம்மிடம் பணியாற்றின. சென்னைப் பரங்கிமலையிலிருந்தும் 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர்கள் வங்கக்கடல்மேல் பறந்தன. ஆக, இவ்விமானம் நமக்கு முற்றும் அயலானதன்று. பாலத்தில் அதைக் காண்போர் அதன் வயிற்றுப்பகுதியை நோக்குக. எண்மரோ பதின்மரோ அக்குறுகிய இடத்தில் உயிர்வளிக் குழாயை முகத்தில் மாட்டிக்கொண்டு, கம்பளி உடுப்பிலும் நடுங்கியபடி, மேகத்தினுள் மணிக்கணக்காக அமர்ந்திருந்தனர்.

எச்சங்கள் ஹவாய் தீவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. உறவினர் அளித்த மரபணு மாதிரியோடு ஒப்பிட்டு, ஆக்ஸ்ஃபோர்டு என்று முடிவு செய்தனர். 2017 ஜூனில் கொடி போர்த்திய பேழை அட்லாண்டா விமான நிலையத்தில் இறங்கிற்று. ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, கான்கார்டில் படை மரியாதையுடன் அடக்கம் நடைபெற்றது. அவர் மறைந்து 73 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2023 நவம்பரில் அருணாசலத்தின் பாசிகாட்டில் திமில் வழிக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மலையிலிருந்து கொணர்ந்த இயந்திரப் பகுதிகளும் விமானத் துண்டுகளும் அங்கு வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடிக்குப் பின்னே வைக்கும் பொருள்களைவிட மலையிலேயே கிடப்பவை மிகுதி. இந்தியாவின் வடகிழக்கில் மறைந்து இன்னும் மீட்கப்படாத அமெரிக்க வீரர்கள் 300க்கு மேற்பட்டோர். சிதைவு அறியப்பட்ட இடங்களும் உள. அனுமதியும் பருவமும் பொருளும் ஒருங்கே கூடிவருதலே அரிது.

இவ்வழியில் மறைந்தோரின் பெயர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரில், அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்சுவர்களில் 36,000க்கு மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டின் பெயரும் அங்கே இருக்கிறது. ஒருவர் கண்டெடுக்கப்பட்டால் அவர் பெயரைச் சுவரிலிருந்து அழிப்பதில்லை. பெயரின் அருகே உலோகத்தாலான சிறு மலர் ஒன்றைப் பதிக்கின்றனர்.